அடுத்தவரின் அவிசுவாசம் என் ஆசீர்வாதத்தைத் தடுக்குமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்து கிளம்பும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி வரும். கேட்பவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் விசுவாசி. அதனால்தான் ஒன்றும் நடக்கமாட்டேன் என்கிறதா?" என்பார். பல வருஷங்களாகப் பலர் பல விதமாகக் கேட்டதையும், நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். வேதத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். நான் சொல்வது சரிதானா என்று பார்க்கவும் அது உதவும்.

ஒருவருடைய அவிசுவாசம் இன்னொருவருடைய ஆசீர்வாதத்தைத் தடுக்கும் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது?

எல்லாரும் முதலில் காட்டுவது நாசரேத்தைத்தான். மாற்கு 6-ஆம் அதிகாரம். இயேசு தாம் வளர்ந்த ஊருக்கு வருகிறார், ஜெபஆலயத்தில் போதிக்கிறார். கேட்டவர்கள் முதலில் ஆச்சரியப்படுகிறார்கள், அப்புறம் "இவன் தச்சனல்லவா?" என்று ஆரம்பிக்கிறார்கள். தாய் பெயர், சகோதரர் பெயர் எல்லாம் வரிசையாக வருகிறது. முடிவில் மாற்கு எழுதுவது: "அங்கே சில நோயாளிகள்மேல் மாத்திரம் கைகளை வைத்து, அவர்களைக் குணமாக்கினதேயன்றி, வேறொரு அற்புதமும் செய்யக்கூடாமல்" போனார்.

இது எப்படி நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே மாற்கு 1-ஆம் அதிகாரத்தில், கப்பர்நகூமில் சூரியன் அஸ்தமித்ததும் நோயாளிகளையெல்லாம் கொண்டுவருகிறார்கள். ஊரே வாசலுக்கு முன்பாகக் கூடிவிட்டது. 2-ஆம் அதிகாரத்தில் அதே ஊரில் ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து, கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இப்போது நாசரேத்தில் ஒரு வீட்டில் ஒரு திமிர்வாதக்காரன் கிடந்திருந்தால்? வேதம் அப்படி ஒருவனைப் பற்றிச் சொல்லவில்லை, நான் கற்பனைதான் செய்கிறேன். அவனுக்கும் சுமக்க நாலு பேர் வேண்டும். ஆனால் அந்த நாலு பேரும் ஜெபஆலய வாசலில் நின்று "மரியாளுடைய குமாரன் அல்லவா?" என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்கு விசுவாசம் இருந்திருக்கலாம். சுமக்க ஆள் இல்லை. அடுத்தவரின் அவிசுவாசம் ஒருவனைத் தடுக்கும் விதம் பெரும்பாலும் இவ்வளவு சாதாரணமானது.

ஆனால் அந்த வசனத்தில் நாம் அவசரமாகத் தாண்டிப்போகிற ஒரு பகுதி இருக்கிறது: "சில நோயாளிகள்." ஊர் முழுக்க இடறலடைந்து நிற்கும்போது, அந்தச் சிலர் எப்படியோ வந்தார்கள். அவர் கைகளை வைத்தார், குணமானார்கள். நாசரேத்தின் அவிசுவாசத்தால் அவர்களைத் தடுக்க முடியவில்லை. இந்தப் பக்கம் முழுவதும் நான் அந்தச் சிலரிடம்தான் திரும்பத் திரும்ப வரப்போகிறேன்.

"செய்யக்கூடாமல்" என்றால் இயேசுவால் முடியவில்லையா? மனிதனின் அவிசுவாசம் தேவனை விடப் பெரியதா?

இல்லை. மத்தேயு 13:58 இதே சம்பவத்தைச் சொல்லும்போது அவர்களுடைய அவிசுவாசத்தினிமித்தம் அநேக அற்புதங்களைச் "செய்யவில்லை" என்றுதான் எழுதுகிறது. பலம் குறைந்த கதை அல்ல இது. வேண்டாம் என்றவர்கள்மேல் அவர் திணிக்கவில்லை.

அவிசுவாசம் நிறைந்த இடத்திலும் தேவன் கிரியை செய்த சம்பவங்களுக்குக் குறைவே இல்லை. கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேர் ஒரு பக்கம், எலியா ஒருவர் ஒரு பக்கம். சுற்றி நின்ற ஜனமோ வாய் திறக்கவில்லை. அக்கினி இறங்கியது. லாசருவின் கல்லறையில் மார்த்தாளே "இப்பொழுது நாறுமே, நாலுநாளாயிற்றே" என்றாள். அவன் எழுந்து வந்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது 2 இராஜாக்கள் 7. சமாரியா முற்றுகையில் பசியால் சாகிறது. நாளைக்கு இந்நேரம் வாசலில் மாவு மலிவாக விற்கும் என்கிறார் எலிசா. ராஜாவுக்குக் கைலாகு கொடுத்து நின்ற பிரதானி, வானத்திலே மதகுகள் உண்டானாலும் இது நடக்குமா என்று கேட்கிறான். மறுநாள் மாவு விற்றது. ஊருக்கு வரவேண்டிய ஒரு பிடி மாவைக்கூட அவனுடைய அவிசுவாசம் நிறுத்தவில்லை. அவன் மட்டும் அதைக் கண்ணால் கண்டான், சாப்பிடவில்லை. ஒலிமுகவாசலில் ஜனங்கள் அவனை மிதித்துப் போனார்கள்.

சரி, தவறே செய்யாத காலேப் ஏன் 40 வருஷம் வனாந்தரத்தில் அலைந்தார்?

"தடுக்காது, தடுக்காது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வோம். காலேப் விஷயத்தில் அடுத்தவரின் அவிசுவாசம் அவரை நேராகவே பாதித்தது. அதை மழுப்ப முடியாது.

ஓரேபிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்கு 11 நாள் பயணம் என்கிறது உபாகமம் 1:2. அங்கிருந்து காலேப் உட்பட 12 பேர் வேவுபார்க்கப் போய், தேவன் வாக்குப்பண்ணின கானான் தேசத்தை 40 நாள் சுற்றிப் பார்த்துத் திரும்பினார்கள். அதில் பத்துப் பேர், நாங்கள் எங்கள் பார்வைக்கே வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம் என்றார்கள். ஜனம் இரவெல்லாம் அழுதது. யோசுவாவும் காலேபும் எழுந்து பேசினபோது அவர்கள்மேல் கல்லெறியத் துணிந்தார்கள். தண்டனை வந்தது: 20 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமாக எண்ணப்பட்டவர்கள், அந்த இருவரைத் தவிர, வனாந்தரத்தில் மடிவார்கள்.

காலேபுக்கு அப்போது வயது 40. அவரும் அதே மணலில் நடந்தார், அதே மன்னாவைச் சாப்பிட்டார். தன் வயதுக்காரர் ஒவ்வொருவராக விழுவதைப் பார்த்தார். எபிரோன் மலைநாட்டைக் கேட்டு யோசுவாவுக்கு முன்னால் வந்து நின்றபோது வயது 85. பத்துப் பேர் பேசிய பேச்சுக்கு இவர் கொடுத்த விலை 45 வருஷம். "அநியாயம்" என்று உங்கள் மனதில் ஓடினால், எனக்கும் ஓடியிருக்கிறது.

ஆனால் எது போயிற்று, எது போகவில்லை என்று பாருங்கள். வருஷங்கள் போயின. வாக்குத்தத்தம் போகவில்லை. பலம் போகவில்லை, மோசே அனுப்பின நாளில் இருந்த பலம் இன்றும் இருக்கிறது என்கிறார். அதைவிட முக்கியம், அவர் மனம் கசந்துபோகவில்லை. "இந்த மலைநாட்டை எனக்குத் தாரும்" என்று அவர் கேட்டது எந்த இடம்? எண்ணாகமம் 13:22-ல் வேவுகாரர் எபிரோனில் பார்த்த மூன்று ஏனாக்கியரின் (இராட்சதரின்) பெயர்கள் இருக்கின்றன: அகீமான், சேசாய், தல்மாய். பத்துப் பேரை வெட்டுக்கிளி ஆக்கியவர்கள் இந்த வம்சத்தார்தான். யோசுவா 15:14-ஐத் திறந்தால் காலேப் துரத்திவிட்டவர்கள் பட்டியலில் அதே மூன்று பெயர்கள்.

ஆகவே இந்தக் கேள்விக்கு என் நேர்மையான பதில்: ஆம், தாமதப்படுத்தும். சில சமயம் மிக நீண்ட தாமதம். ரத்துசெய்யும் அதிகாரம் அதற்கு இல்லை.

எந்த ஆசீர்வாதம் தடைபடும், எது தடைபடாது?

பவுல் எபேசியர் 1:3-ல் "ஆவிக்குரிய சகல ஆசீர்வாதத்தினாலும்" என்று ஆரம்பித்து, கீழே எண்ணிக்கொண்டே போகிறார்: தெரிந்துகொள்ளப்பட்டது, புத்திரசுவிகாரம், பாவமன்னிப்பாகிய மீட்பு, பரிசுத்த ஆவியின் முத்திரை. இவை எல்லாம் "கிறிஸ்துவுக்குள்" இருக்கின்றன. உங்கள் மாமியாருக்குள்ளோ, மேலதிகாரிக்குள்ளோ, சபையின் மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குள்ளோ இல்லை. அங்கே யாரும் கைவைக்க முடியாது. ரோமர் 3:3 இதையே கேட்கிறது: சிலர் விசுவாசியாமற்போனால், "அவர்களுடைய அவிசுவாசம் தேவனுடைய உண்மையை அவமாக்குமோ?"

தடைபடக்கூடியவை வேறு வகை. பலர் சேர்ந்து சுமக்க வேண்டியவை, பலர் சேர்ந்து நடக்க வேண்டியவை. ஒரு சபை சேர்ந்து செய்ய வேண்டிய ஊழியம், ஒரு குடும்பம் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு, ஐக்கியத்தின் சந்தோஷம், ஒருவர் வரத்தினால் மற்றவருக்கு வரவேண்டிய ஆறுதல். கை வலிக்கும்போது உடம்பு முழுக்கத்தான் சோர்கிறது. அதற்காக உயிர் போய்விடுவதில்லை.

அடுத்தவரின் அவிசுவாசம் எனக்குள் எப்படி நுழைகிறது?

என்னைக் கேட்டால் முக்கியமான கேள்வி இதுதான். வெளியே இருக்கும் அவிசுவாசம் நம்மைத் தாமதப்படுத்தும். உள்ளே வந்துவிட்டால்தான் இழப்பு.

மோசேயைப் பாருங்கள். காலேபைப் போலவே அவரும் அந்த ஜனத்தோடு 40 வருஷம் இருந்தார். காலேப் தேசத்துக்குள் போனார், மோசே போகவில்லை. மேரிபாவில் ஜனம் தண்ணீருக்காக வாதாடியது. கன்மலையைப் பார்த்துப் பேசச் சொல்லியிருக்க, மோசே கோபத்தில் அதை இரண்டுதரம் அடித்தார். சங்கீதம் 106 சொல்வது: அவர்கள் அவன் ஆவியை விசனப்படுத்தினதினால் அவன் பதறிப்பேசினான். ஆனால் எண்ணாகமம் 20:12-ல் கர்த்தர் மோசேயிடமும் ஆரோனிடமும் சொன்னது, "நீங்கள் என்னை விசுவாசியாமற்போனபடியினால்." தூண்டியது ஜனத்தின் அவிசுவாசம். கணக்கில் ஏறியது மோசேயின் அவிசுவாசம். இவ்வளவு பெரிய மனிதருக்கே இது நடந்ததென்றால், நாம் "அவர்கள் பேசுவது என்னை ஒன்றும் செய்யாது" என்று மார்தட்டிக்கொள்ள வேண்டாம்.

இது தொற்றும் என்று தேவனுக்குத் தெரியும். அதனால்தான் உபாகமம் 20:8-ல் யுத்தத்துக்கு முன் ஒரு விசேஷமான கட்டளை: பயப்படுகிறவன், திடமனதில்லாதவன் வீட்டுக்குப் போகட்டும், அவனுடைய இருதயத்தைப்போல அவன் சகோதரரின் இருதயமும் கரைந்துபோக வேண்டாம். கிதியோன் இதை அறிவித்தபோது 22,000 பேர் கிளம்பிவிட்டார்கள், 10,000 பேர் மீந்தார்கள். போனவர்களை யாரும் திட்டவில்லை, கவனியுங்கள்.

நடைமுறையில் இது பெரிய வாக்குவாதமாக வருவதில்லை. "எதற்கும் ரொம்ப எதிர்பார்க்காதே", "நமக்கெல்லாம் எங்கே", "அவர் ஜெபித்தார், என்ன நடந்தது?" இப்படிச் சின்னச் சின்ன வாக்கியங்கள். அன்போடு சொல்லப்படுபவைதான் அதிகம் இறங்கும். ஒரு நாள் நாமே ஜெபிக்க முழங்கால் போடும்போது அந்த வாக்கியம் நம் குரலில் கேட்கும். அப்போதுதான் தெரியும், அது உள்ளே வந்து நாளாயிற்று என்று.

இயேசு அவிசுவாசிகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் யவீருவின் இறந்த மகளை எழுப்பினார். நானும் அப்படிச் செய்யலாமா?

இந்தச் சம்பவத்தை வைத்து, ஜெபம் நடக்கும் அறையிலிருந்து ஆட்களைத் துரத்துவதைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நிதானமாகப் படிப்போம்.

இயேசு, பிள்ளை நித்திரையாயிருக்கிறாள் என்றதும் நகைத்தவர்களை வெளியே போகச் செய்தார், உண்மைதான். ஆனால் உள்ளே அழைத்துப்போனது தகப்பன், தாய், பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகியவர்களை மட்டும். மீதி ஒன்பது சீஷர்களும் உள்ளே வரவில்லை. அவர்கள் நகைக்கவில்லையே? பேதுரு யோப்பாவில் இறந்துபோன தபீத்தாளை எழுப்பும் முன் எல்லாரையும் வெளியே அனுப்பினார். அங்கே நின்றிருந்தவர்கள் அழுதுகொண்டிருந்த விதவைகள், தபீத்தாள் செய்துகொடுத்த வஸ்திரங்களைக் காட்டியவர்கள். எலிசா சூனேமியாள் என்ற சூனேம் ஊர்ப் பெண்ணின் இறந்த மகனுக்காகக் கதவைப் பூட்டினபோது, அத்தனை தூரம் விசுவாசத்தோடு ஓடிவந்த தாய்தான் வெளியே நின்றாள்.

ஆகவே "வெளியே போனவர் எல்லாம் அவிசுவாசி" என்று சட்டம் போட முடியாது. அங்கே வேண்டியிருந்தது அமைதி. பாரமான ஜெபத்துக்கு ஒரு மூடிய கதவு உதவும். அந்தக் கதவை நீங்களே எழுந்து மூடிக்கொள்ளலாம். "உனக்கு விசுவாசம் இல்லை, எழுந்து போ" என்று யாரிடமும் சொல்லத் தேவையில்லை.

என் கணவர் விசுவாசி இல்லை. அவரால் என் ஆவிக்குரிய வாழ்க்கை தடைபடுகிறதா?

நாம் சாதாரணமாகப் பயப்படுவது அவருடைய அவிசுவாசம் நம்மேல் பாயும் என்று. 1 கொரிந்தியர் 7:14 எதிர்த் திசையில் பேசுகிறது: அவிசுவாசியான புருஷன் தன் மனைவியால் பரிசுத்தமாக்கப்படுகிறான், மனைவி அவிசுவாசியாக இருந்தாலும் அப்படியே. இதற்கு அர்த்தம் அவர் தானாக இரட்சிக்கப்பட்டுவிட்டார் என்பதல்ல. 16-ஆம் வசனம் அதை இன்னும் கேள்வியாகவே வைக்கிறது. ஆனால் அந்த வீடு அசுத்தமான வீடு அல்ல, உங்கள் பிள்ளைகள் அசுத்தமான பிள்ளைகள் அல்ல.

2 கொரிந்தியர் 6:14, "அந்நிய நுகத்தில்" பிணைக்கப்படாதிருங்கள் என்ற வசனம், புதிதாக நுகத்துக்குக் கழுத்தைக் கொடுக்கப்போகிறவர்களுக்கு எச்சரிப்பு. ஏற்கனவே கட்டியிருக்கும் தாலியை அறுக்கும் கத்தியாக அதைப் பயன்படுத்த வேண்டாம். அவர் சேர்ந்து வாழச் சம்மதித்தால் பிரிய வேண்டாம் என்று பவுல் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். (அடி, உதை, மிரட்டல் இருக்கும் வீட்டைப் பற்றி அவர் அங்கே பேசவில்லை. அப்படி இருந்தால் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். அது அவிசுவாசம் ஆகாது.)

தனியாகச் சபைக்குப் போவது, வீட்டில் சேர்ந்து ஜெபிக்க ஆள் இல்லாதது – இவை உண்மையான இழப்புகள். அவற்றைச் சின்னதாக்க மாட்டேன். இதற்கு பேதுரு சொல்லும் வழி 1 பேதுரு 3:1: போதனை இல்லாமலே, நடக்கையினால் ஆதாயப்படுத்தலாம். தினமும் காலையில் மேசைமேல் கைப்பிரதி வைப்பதைவிட அது கடினம். பலனும் அதிகம்.

இன்னொன்று. இயேசுவின் சகோதரரே அவரை விசுவாசியாதிருந்தார்கள் (யோவான் 7:5). அப்போஸ்தலர் 1:14-ல் மேல்வீட்டில் ஜெபித்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். அந்தச் சகோதரர் அங்கே இருக்கிறார்கள்.

நோயாளி சுகமாகவில்லை. "இந்த வீட்டில் யாருக்கோ அவிசுவாசம்" என்று ஊழியர் சொல்லிவிட்டார். அப்படித்தானா?

பல வருஷங்களுக்கு முன் எனக்கு நெருங்கிய ஒரு வீட்டில் இதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். யார் என்று எழுத விருப்பமில்லை. நோயாளி போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்தபின் அந்த வீட்டுப் பையன், அப்போது அவனுக்குப் பதினைந்து வயது இருக்கும், என்னிடம் வந்து, "நான்தான் உள்ளுக்குள்ளே நம்பவில்லை. என்னால்தானா?" என்று கேட்டான். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் பையனும் ஒரு காரணம்.

அப்படி இல்லை. பிறவிக் குருடனைக் கண்டு சீஷர்கள் "இவன் செய்த பாவமோ, பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு. பவுல் தன் உடன் ஊழியரான துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாய் விட்டுவந்தார். அதற்காக யாருடைய விசுவாசத்தையும் குறை சொல்லவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். தன் மாம்சத்தில் முள்ளாக இருந்த உபத்திரவம் நீங்க மூன்றுதரம் வேண்டினார்; வந்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்."

இயேசுவே ஒரு ஊரின் அவிசுவாசத்தைப் பற்றி ஆச்சரியப்பட்டிருக்கிறார், கண்டித்திருக்கிறார். ஆனால் சாகக்கிடக்கும் ஒருவரின் வீட்டுக்கு வந்து, பெற்றவர்களைப் பார்த்து "உங்களால்தான்" என்று அவர் சொன்ன இடம் சுவிசேஷங்களில் எனக்குக் கிடைக்கவில்லை. யவீருவிடம் அவர் சொன்னது, "பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு." அதைச் சொல்லிவிட்டுக் கூடவே நடந்து போனார். கூட நடக்கத் தயாராக இல்லாதவர் குற்றப்பட்டியலோடு வரக்கூடாது.

மருத்துவரிடம் போவது அவிசுவாசமா என்றும் சேர்த்தே கேட்பார்கள். இல்லை. மருந்தை நிறுத்தச் சொல்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

சபைக்குள்ளேயே அவிசுவாசம் இருந்தால் வேறு சபைக்குப் போகலாமா?

எந்த மாதிரி அவிசுவாசம் என்று முதலில் பார்க்க வேண்டும். சந்தேகப்படுகிறவர் ஒருவர், கடினப்பட்டவர் வேறொருவர். உயிர்த்தெழுந்த அன்று தோமா அங்கே இல்லை. மற்றவர்கள் சொன்னதை நம்பவும் இல்லை. எட்டு நாளைக்கப்புறம் சீஷர்கள் கூடியிருக்கும்போது தோமாவும் அவர்களோடேகூட இருந்தார் என்கிறது யோவான் 20:26. நம்பாத ஆளை அந்த எட்டு நாளும் யாரும் விலக்கிவைக்கவில்லை. அங்கே இருந்ததால்தான் அவர் கண்டார். தோமா போன்றவர் உங்கள் சபையில் இருந்தால் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

பிரசங்க மேடையிலிருந்தே வேதத்தை நம்பாத பேச்சு வருகிறது, கிறிஸ்துவையே ஒதுக்குகிறார்கள் என்றால் அது வேறு. கலாத்தியர் 5-ல் பவுல், நன்றாய் ஓடினீர்களே, யார் தடைசெய்தது என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் புளித்தமா பிசைந்தமா முழுவதையும் உப்பப்பண்ணும் என்கிறார். அங்கே பேசிப் பாருங்கள், மாறவில்லை என்றால் போகலாம். பாட்டு சத்தமாக இல்லை, யாரும் ஆமென் சொல்லவில்லை என்பதற்காகச் சபை மாறுகிறவர்கள் அதற்கு அவிசுவாசம் என்று பெயர் வைக்க வேண்டாம்.

கேலி பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். அசீரிய ராஜாவின் அதிகாரி ரப்சாக்கே எருசலேமின் மதிலுக்கு வெளியே நின்று, கர்த்தர் உங்களைக் காப்பாற்றமாட்டார் என்று கத்தினபோது, ஜனம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச வேண்டாம் என்று ராஜா எசேக்கியா சொல்லியிருந்தார். நெகேமியா திரும்பக் கட்டிய எருசலேமின் அலங்கத்தின்மேல் (மதிலின்மேல்) ஒரு நரி ஏறினாலே இடிந்துபோகும் என்றான் எதிரியான தொபியா. நெகேமியா தேவனிடம் முறையிட்டுவிட்டுக் கட்டிக்கொண்டே இருந்தார். 52 நாளில் வேலை முடிந்தது.

அப்படியானால் என் ஜெபக்குறிப்பை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்வதா?

எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. சூனேமியாள் மகனைப் பறிகொடுத்த துக்கத்தோடு வருகிறாள்; வழியில் எதிர்ப்பட்ட எலிசாவின் வேலைக்காரன் கேயாசி சுகமா என்று கேட்டதும் "சுகந்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய், எலிசாவின் காலைப் பிடித்துக்கொண்டு மனதைக் கொட்டினாள். யாரிடம் "சுகந்தான்" என்பது, யாரிடம் அழுவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அழுவதற்கு ஓர் ஆளாவது வேண்டும்.

என் ஒருவனுடைய விசுவாசம் விசுவாசிக்காத மற்றவர்களுக்கு உதவுமா?

உதவும். இந்த மறுபக்கத்தை நாம் குறைவாகவே பேசுகிறோம். கூரையைப் பிரித்த அந்த நாலு பேர் விஷயத்தில் மாற்கு எழுதியது, இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று. அவன் விசுவாசத்தை என்று எழுதவில்லை.

ஆனால் இந்தக் கேள்வி கேட்பவர்களை நான் அனுப்புவது அப்போஸ்தலர் 27-க்கு. பவுல் கைதியாகக் கப்பலில் போகிறார். இந்தப் பயணம் வருத்தத்திலும் சேதத்திலும் முடியும் என்று எச்சரிக்கிறார். நூற்றுக்கு அதிபதி, பவுலின் பேச்சைவிட மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்புகிறான். மற்றவர்கள் நம்பாததன் விலையை இங்கே பவுலும் கொடுக்கிறார்: அதே காற்று, அதே பட்டினி, அதே இருட்டு, பதினாலு நாள். இறங்கிப்போகவும் வழியில்லை.

"நான் அப்போதே சொன்னேனே" என்று அவரும் சொன்னார், 21-ஆம் வசனம். மனுஷர்தானே! ஆனால் அதோடு நிறுத்தவில்லை. உன்னோடு யாத்திரைபண்ணுகிற எல்லாரையும் தேவன் உனக்குத் தந்தருளினார் என்று தூதன் சொன்னதைச் சொல்லி, அவர்களைத் திடப்படுத்துகிறார். எல்லாருக்கும் முன்பாக அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் பண்ணி, பிட்டுச் சாப்பிடுகிறார். பார்த்த மற்றவர்களும் தைரியம் அடைந்து சாப்பிடுகிறார்கள். கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். கப்பல் உடைந்தது, சரக்கு போயிற்று, 276 பேரும் மெலித்தா தீவில் கரையேறினார்கள்.

அவர்களுடைய அவிசுவாசம் பவுலைப் புயலுக்குள் இழுத்துப்போனது. பவுலின் விசுவாசம் அவர்களைக் கரைக்கு இழுத்துவந்தது. எந்த இழுவை பெரியது?

ஒருவேளை நானே மற்றவர்களுக்குத் தடையாக இருந்தால்?

இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்டவர்களை நான் உடனே ஆறுதல்படுத்தாமல், கொஞ்சம் யோசிக்க விட்டிருக்கிறேன். நம் வீட்டில் யாராவது ஒரு நல்ல காரியத்துக்கு எழும்பும்போது முதலில் குறுக்கே வரும் பேச்சு யாருடையது? தாவீது யுத்தகளத்தில் கோலியாத்தைப் பற்றி விசாரித்தபோது கோபப்பட்டது எதிரி அல்ல, மூத்த அண்ணன் எலியாப். அந்தக் கொஞ்ச ஆடுகளை யார் வசத்தில் விட்டாய் என்று கேட்டான். அனுபவம் உள்ளவர்கள், குடும்பத்தில் மூத்தவர்கள், சபையில் பழையவர்கள் – எலியாபின் இடத்தில் வந்து நிற்பது பெரும்பாலும் நாம்தான்.

ஆனால் குறைவான விசுவாசத்தோடு பிள்ளைக்காக வந்து நிற்கிறவருக்கு நான் சொல்வது வேறு. மாற்கு 9-ல் ஒரு தகப்பன் மகனைக் கொண்டுவருகிறான். சீஷர்களால் முடியவில்லை. "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்றுதான் அவனால் கேட்க முடிகிறது. அப்புறம் கண்ணீரோடு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்கிறான். அந்த அவிசுவாசம் முழுவதும் நீங்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று இயேசு காத்திருக்கவில்லை. பையனைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

அந்தப் பதினைந்து வயதுப் பையனுக்கும் அன்று இந்தப் பகுதியைத்தான் வாசித்துக் காட்டினேன்.